ஆத்தங்குடித் தரையும் 5.1 ஒலியும்: செட்டிநாட்டு ஹால் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட பிரச்சினை

காரைக்குடி வட்டாரத்தில் நூறாண்டைத் தொடும் ஒரு நகரத்தார் வீடு. குடும்பத்தார் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். பொங்கல், கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் எல்லோரும் ஊருக்கு வந்துவிடுவார்கள். முகப்பை ஒட்டிய பெரிய ஹாலில் 65 அங்குல டிவியும், ஏவி ரிசீவரோடு (ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) கூடிய 5.1 ஸ்பீக்கர் செட்டும் புதிதாக வைத்தார்கள். 5.1 என்றால் முன்னால் இடது, வலது, நடு (சென்டர்), பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபரும். சத்தத்துக்குக் குறைவே இல்லை. வசனம் மட்டும் புரியவில்லை. "சத்தம் வருது, என்ன பேசுறாகன்னுதான் வெளங்கலை" என்று வீட்டு அப்பத்தா சொன்னதுதான் இந்த ஆய்வின் தொடக்கப் புள்ளி.

வழக்கமாக எல்லோரும் செய்வதை அவர்களும் செய்தார்கள். வால்யூமைக் கூட்டினார்கள். சென்டர் ஸ்பீக்கரின் அளவை ரிசீவர் மெனுவில் கடைசி வரை ஏற்றினார்கள். பிறகு இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கலாமா என்ற பேச்சு வந்தது.

அதே வீட்டின் மாடியறையில் 1970-களில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஜப்பானிய ஸ்டீரியோ ரிசீவர், 12 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பு) உள்ள ஒரு ஜோடி மூன்று-வழி ஸ்பீக்கர்கள், ஒரு ரெக்கார்டு பிளேயர் எல்லாம் துணி போர்த்திக் கிடந்தன. "அந்த செட்டில் இதே ஹாலில் பாட்டு அவ்வளவு தெளிவாக இருந்ததே" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அதைப் பழைய நினைவின் மயக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அளந்து பார்த்தபோது அவர்கள் சொன்னது சரி என்றே தெரிந்தது. அதற்கான காரணம் செட்டில் இல்லை, கதவில் இருந்தது.

ஹாலை முதலில் அளந்தது

உள்ளளவு 9 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம். கன அளவு 202.5 கன மீட்டர். சென்னை அடுக்ககத்து ஹால் பெரும்பாலும் 50 கன மீட்டர் அளவில்தான் இருக்கும். ஹோம் தியேட்டர் பெட்டியோடு வரும் படங்களும் அமைப்புக் குறிப்புகளும் அந்த மாதிரி அறையை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன.

தரை, கையால் வார்த்த வழவழப்பான சிமெண்ட் ஓடான ஆத்தங்குடி ஓடு. சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து பல பூச்சு பூசி, கண்ணாடி போல் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சு. மேலே பர்மா தேக்குப் பலகை மச்சு. ஒரு சுவரில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. ஓடும் பூச்சும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குகூட உள்வாங்குவதில்லை. மிச்சம் முழுவதும் ஹாலுக்குள்ளேயே திரும்புகிறது.

ஒலி எவ்வளவு நேரம் முழங்கி அடங்கும் என்பதைக் கணக்கிட வாலஸ் சபின் 1890-களின் இறுதியில் ஹார்வர்டில் கண்டுபிடித்த சூத்திரம் இன்றும் போதும்: கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது உள்வாங்கும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுக்க வேண்டும். கிடைப்பது, ஒலி 60 டெசிபெல் குறைய ஆகும் நேரம். சபின் தன் சோதனைகளுக்கு அரங்கின் இருக்கை மெத்தைகளைத்தான் ஒலி உறிஞ்சியாகத் தூக்கிப் போய் அடுக்கினார். செட்டிநாட்டு வீட்டுக்கும் மருந்து அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பேச்சின் நடுப்பகுதியான 500 ஹெர்ட்ஸில் இந்த ஹாலின் கணக்கு இப்படி வருகிறது. தரை 45 சதுர மீட்டர், உறிஞ்சு பரப்பு 0.7. கதவு ஜன்னல் போக சுவர் 115 சதுர மீட்டர், உறிஞ்சுவது 2.9. தேக்கு மச்சு 3.6. மூடிய கதவு ஜன்னல்கள் 0.9. ஊஞ்சல், நாற்காலிகள், நாலு பேர் சேர்ந்து 2.1. மொத்தம் 10.2 சதுர மீட்டர். 202.5 ஐ 0.161 ஆல் பெருக்கினால் 32.6, அதை 10.2 ஆல் வகுத்தால் 3.2 விநாடி. படம் பார்க்கும் அறைக்கு அரை விநாடி போதும். இவ்வளவு பெரிய ஹாலில் 0.8 விநாடி வரை பொறுத்துக்கொள்ளலாம். 3.2 விநாடி என்றால், ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் ஏறிவிடுகின்றன.

இனி கதவு. திறந்த ஜன்னல் தன்மேல் படும் ஒலியை முழுவதுமாக வெளியே விட்டுவிடும். ஒலியியல் கணக்கில் அது நூறு விழுக்காடு உறிஞ்சி. இந்த ஹாலின் நான்கு ஜன்னல்கள், வளவை (உள்முற்றத்தை) நோக்கிய கதவு, முகப்புக் கதவு எல்லாம் சேர்ந்து 11 சதுர மீட்டர். அத்தனையும் திறந்தால் உறிஞ்சு பரப்பு 10.2 இலிருந்து 20.3 ஆகிறது, முழக்கம் 1.6 விநாடியாக, சரிபாதியாகக் குறைகிறது. பழைய செட் ஓடிய காலத்தில் காற்றுக்காக எல்லாம் திறந்தே இருந்தது. தரையில் மெத்தையும் ஜமுக்காளமும் விரித்து, ஸ்பீக்கருக்கு இரண்டு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்டார்கள். ஏசி வந்தபின் கதவுகள் மூடின. சோபா எதிர்ச்சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் போனது. ஹாலின் ஒலி மாறியது அங்கேதான்.

தூரத்தின் பங்கையும் கணக்கில் பார்த்துவிடலாம். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும், சுவர்களில் பட்டுச் சுற்றும் ஒலியும் சம அளவாக இருக்கும் ஒரு தூரம் உண்டு. அதற்குள் உட்கார்ந்தால் ஸ்பீக்கரைக் கேட்கிறோம். தாண்டினால் அறையைக் கேட்கிறோம். சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்கு இந்த ஹாலில் அந்தத் தூரம் 1 மீட்டர். சோபா இருந்ததோ 5.5 மீட்டரில். சென்டர் ஸ்பீக்கரின் அளவைக் கூட்டியது ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதுவே விடை: நேரொலி எவ்வளவு கூடியதோ, முழக்கமும் அதே அளவு கூடியது.

ஹாலின் நடுவில் நின்று ஒரு கைதட்டல் தட்டினால் "சர்ர்ர்" என்று ஒரு நடுக்கம் கேட்டது. 5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு வழவழப்பான சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுவது இது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு 14 மில்லிவிநாடி. விநாடிக்கு 70 தடவை திரும்பும் அந்தத் தொடர்தான் காதுக்கு நடுக்கமாகப் படுகிறது.

வைத்த விதத்தில் இருந்த பிழைகள்

சென்டர் ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் இருந்தது. கதவைத் திறந்து வைத்தாலும் மூன்று பக்கமும் மரப்பெட்டி சூழ்ந்தால் குரலில் ஒரு குடத்தொனி ஏறும். பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் சுவர் விளிம்பில் 4 மீட்டர் உயரத்தில் இருந்தன. முன் ஸ்பீக்கர்கள் டிவியை ஒட்டி, 1.6 மீட்டர் இடைவெளியில், 5.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இடது வலது என்ற பிரிவே தெரியாது.

டிவியின் ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்று இருந்ததால், படம் 5.1 இல் வந்தாலும் ரிசீவருக்கு இரண்டு சேனல்தான் போய்க்கொண்டிருந்தது. எச்டிஎம்ஐ கேபிள் இரு பக்கமும் இ-ஆர்க் (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் வழி) என்று குறித்த துளையில் இருக்க வேண்டும். டிவி மெனுவில் வெளியீட்டை 'பாஸ்-த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்ற வேண்டும். இது ஒரு நிமிட வேலை.

பேஸ் வேறு கதை. சப்வூஃபர் மூலையில் இருந்தது. ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் ஹால் முழுதும் 'ம்ம்ம்' என்று உறுமியது. மற்ற சுரங்கள் இருக்கும் இடம் தெரியவில்லை. அறையின் நீளத்துக்கு ஏற்ற இயல்பு அதிர்வெண்கள், அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே தானாகவே ஓங்கும் சுரங்கள், 19, 39, 58 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 35. உயரத்துக்கு 39. நீளம் உயரத்தின் சரியாக இரு மடங்கு என்பதால் நீளத்தின் இரண்டாம் அதிர்வும் உயரத்தின் முதல் அதிர்வும் ஒரே 39 ஹெர்ட்ஸில் வந்து உட்கார்ந்துகொண்டன. மூலையில் வைத்த சப்வூஃபர் எல்லா அதிர்வுகளையும் ஒருசேர எழுப்பிவிடும்.

சுவரைத் தொடாமல் உறிஞ்சுவது

செட்டிநாட்டுப் பூச்சில் டிரில் போடக்கூடாது என்பதே இந்த வேலையின் முதல் நிபந்தனை. ஹேமர் டிரில் அதிரும்போது துளையைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு செதில் செதிலாக விடும். அதே நிறத்தில், அதே பளபளப்பில் ஒட்டுப்போடுவது மிகக் கடினம். சுண்ணாம்புப் பூச்சில் ரால் பிளக் உறுதியாகப் பிடிப்பதும் இல்லை. ஒரு ஸ்பீக்கர் மாட்டுவதற்காக நூறாண்டுச் சுவரைக் கெடுப்பதை எந்த ஒலித்தரமும் ஈடுசெய்யாது.

வழி அந்த ஹாலிலேயே இருந்தது. முன்னோர் படங்கள் மாட்டுவதற்காகச் சுவரின் மேற்பகுதியில் நீளமாக ஓடிய தேக்குச் சட்டமும் அதில் கொக்கிகளும் இருந்தன. கனமான கண்ணாடிச் சட்டப் படங்களைத் தாங்கிய சட்டம் இது. உறிஞ்சுப் பலகைகளை இதிலிருந்தே பித்தளைக் கம்பியில் தொங்கவிட முடிவானது. படங்களைப் போலவே சற்று முன்சாய்ந்து தொங்குவதால் பலகைக்குப் பின்னால் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் காற்றிடைவெளி கிடைத்தது. இடைவெளி கூடக் கூட இன்னும் தாழ்ந்த அதிர்வெண்களையும் பலகை பிடிக்கும்.

பலகை செய்முறை: 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் அளவில், 50 மி.மீ. ஆழமுள்ள மரச்சட்டம். உள்ளே கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 50 மி.மீ. ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு) தகடு. தூசி உதிராமல் இருக்க ராக்வூலைச் சுற்றி மெல்லிய கண்ணாடியிழைத் துணி, அதன்மேல் பருத்தித் துணி. பின்பக்கம் பிளைவுட் அடிக்கக்கூடாது. காற்று போய்வர வேண்டும். துணியைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை போதும்: வாயோடு ஒட்டி வைத்து ஊதினால் மூச்சு தடையின்றி மறுபக்கம் போக வேண்டும். கண்டாங்கிப் பருத்தித் துணி இதில் நன்றாகத் தேறியது. பட்டையான கோடும் கட்டமும் ஹாலின் தரையோடு பொருந்தி நின்றன. ஒரு பலகை 5 கிலோவுக்குள் முடிந்தது. ராக்வூல் வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். வேலையை வளவில் செய்யாமல் கொல்லைப்புறத்தில் செய்வது நல்லது. வளவில் காயும் வற்றலில் இழை விழுந்தால் அத்தனையும் வீண்.

24 பலகைகள். 17.3 சதுர மீட்டர் பரப்பில் 15.6 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பு. அவற்றில் 16 சுவரில் தொங்குகின்றன; 8 பலகைகள் கால் வைத்து, இருக்கைக்குப் பின்னால் தட்டி போல நிற்கின்றன. ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் இடையே தடித்த கம்பள விரிப்புக்குமேல் ஜமுக்காளம், 12 சதுர மீட்டர், கூடுவது 3.6. துணிச் சோபாவும் இலவம்பஞ்சுத் திண்டுகளும் 4. கதவு ஜன்னல்களுக்கு இரு மடங்கு கொசுவம் வைத்த தடித்த திரை, நிகரமாக 5.1. மொத்தம் 38.5. முழக்கம் 0.85 விநாடி. மைக் வைத்து அளந்தபோதும் 500 ஹெர்ட்ஸில் 0.9 க்குப் பக்கத்தில்தான் நின்றது.

பலகைகளை ஒரே சுவரில் அடுக்கிவிடக் கூடாது. முதல் ஆறு பலகைகள் பக்கச் சுவர்களில், ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடத்தில். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இருவர் வேண்டும்: ஒருவர் இருக்கையில் உட்கார, மற்றவர் சுவரோடு ஒட்டி ஒரு கைக்கண்ணாடியை ஸ்பீக்கர் உயரத்தில் நகர்த்திக்கொண்டே போக, கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே பலகை. மிச்சத்தை எதிரெதிர்ச் சுவர்களில் மாற்றி மாற்றி வைத்தால், பலகைக்கு எதிரே வெறுஞ்சுவர் வரும். கைதட்டல் நடுக்கம் அதிலேயே போய்விடும். பெல்ஜியம் கண்ணாடிக்குப் படம் பார்க்கும் நேரத்தில் மட்டும் ஒரு திரை.

முட்டை அட்டை, தெர்மகோல், மெல்லிய ஃபோம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தெர்மகோலுக்குள் இருக்கும் நுண்ணறைகள் மூடியவை. ஒலி உள்ளே நுழையாது. ஒரு அங்குல ஃபோம் உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் தின்னும். குரலின் உடம்பான 200 முதல் 500 ஹெர்ட்ஸை விட்டுவிடும். விளைவு, முழக்கமும் போகாது, பளிச்சென்ற தன்மை மட்டும் போய்விடும். சுவரில் ஒட்டிய ஃபோமைப் பிய்த்தெடுக்கும்போது பூச்சும் கூட வருவது தனி நஷ்டம்.

இடம் மாற்றியது

முன் ஸ்பீக்கர்கள் முன்சுவரிலிருந்து 0.8 மீட்டர் தள்ளி, 3 மீட்டர் இடைவெளியில். இருக்கை இரண்டிலிருந்தும் 3 மீட்டர். சம பக்க முக்கோணம். இதன்படி இருக்கை முன்சுவரிலிருந்து 3.4 மீட்டரில் வந்தது. 9 மீட்டர் நீளத்தில் 38 விழுக்காடு. நடுவிலும் இல்லை, சுவரோரத்திலும் இல்லை என்பதால் நீளவாட்டு அதிர்வுகளின் உச்சமோ பள்ளமோ அங்கே விழுவதில்லை. பலகைகள் வந்தபின் நேரொலியும் முழக்கமும் சமமாகும் தூரமும் 1 மீட்டரிலிருந்து 2 மீட்டராகப் போய்விட்டது. 5.5 க்கு 1 என்று இருந்த நிலை 3 க்கு 2 ஆனது. வசனத் தெளிவுக்கு இந்த ஒரு மாற்றம் செய்ததை எந்த விலையுயர்ந்த ரிசீவரும் செய்திருக்காது.

ஹாலின் பின்பாதி 5 மீட்டருக்குமேல் காலியாக மிஞ்சியது. அதை நிரப்பச் சோபாவைப் பின்னுக்குத் தள்ளும் ஆசையை அடக்கத்தான் வேண்டும்.

சென்டர் ஸ்பீக்கர் அலமாரியை விட்டு வெளியே, டிவி மேசையின் முன்விளிம்போடு ஒட்டி, முகம் சற்று மேல்நோக்கி. பின் ஸ்பீக்கர்கள் ஸ்டாண்டில், காதுக்கு அரை மீட்டர் மேலே, நேர்முன் கோட்டிலிருந்து 110 டிகிரியில்.

சப்வூஃபரை முன்சுவரிலிருந்து 2.25 மீட்டரில், பக்கச் சுவரோரம் வைத்தார்கள். நீளத்தின் கால் பங்கில் 39 ஹெர்ட்ஸ் நீளவாட்டு அதிர்வுக்கு அழுத்தமே இல்லாத இடம் வரும். அங்கிருந்து அதை எழுப்ப முடியாது. கணக்குப் போட விரும்பாதவர்கள் சப்வூஃபரை இருக்கையின்மேலேயே வைத்து, தாழ்ந்த சுரங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் குனிந்து நகர்ந்து கேட்கலாம். எல்லாச் சுரமும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும் இடம் எதுவோ, அதுவே சப்வூஃபரின் இடம்.

ஒயரும் எர்த்தும்

பின் ஸ்பீக்கருக்கு 12 மீட்டர் ஒயர் தேவைப்பட்டது. முதலில் போட்டிருந்தது 1 சதுர மி.மீ.; போகவர 24 மீட்டரில் ஏறக்குறைய அரை ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கரில் 5 விழுக்காடு, அதாவது 0.4 ஓம், தாண்டக்கூடாது என்பது நடைமுறை வரம்பு. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 0.19 ஓம்தான். சாதாரண நல்ல செம்பு ஒயரே போதும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு ஒயரை மட்டும் தவிர்க்க வேண்டும். ஒயரைக் கதவு நிலையின் ஓரமாக ஏற்றி, சுவர் விளிம்புக் கட்டையின் மேல் ஓடவிட்டு இறக்கினார்கள். பழைய தேக்குக் கேசிங்-கேப்பிங்கில் (மின் ஒயர் ஓடும் மூடிய மரப்பட்டை) இடம் இருக்கிறதே என்று மின் ஒயரோடு சேர்த்து நுழைக்கக்கூடாது.

செட்டைப் போட்டதும் வந்த 'ங்ங்' இரைச்சலுக்கு இரண்டு காரணங்கள். டிவி ஒரு சுவர் பிளக்கிலும், சப்வூஃபர் எதிர்ச்சுவர் பிளக்கிலும் இருந்தன. இரண்டின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு. கேபிள் டிவி ஒயரின் கவசம் இன்னொரு எர்த்தைக் கொண்டுவந்தது. எல்லாக் கருவிகளையும் ஒரே மூன்று-முள் ஸ்பைக் போர்டில் சேர்த்து, கேபிள் ஒயரில் அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் போட்டதும் இரைச்சல் போனது. எர்த் முள்ளை உடைத்துவிட்டாலும் இரைச்சல் போகும். ஆனால் அது உயிரோடு விளையாடுவது, யாரும் செய்யக்கூடாது.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 11 வோல்ட் காட்டியது. 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. செம்புறாங்கல் மண்ணில் எர்த் குழி சித்திரை வைகாசியில் காய்ந்துபோகிறது. 3 மீட்டர் ஜிஐ குழாயோடு புதிய குழியை, வளவுத் தண்ணீர் வெளியேறும் பாதைக்குப் பக்கத்தில் தோண்டி, கரியும் உப்பும் போட்டு நிரப்பினார்கள். முற்றம் கழுவும் தண்ணீரே குழியை ஈரமாக வைத்துக்கொள்கிறது.

பழைய செட்டை எழுப்பியது

பத்துப் பதினைந்து வருடம் கிடந்த ரிசீவரை நேராகப் பிளக்கில் செருகினால் உள்ளே உள்ள கெபாசிட்டர் வெடிக்கலாம். 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். இங்கே மங்கியது. பின்பக்க வோல்டேஜ் தேர்வுச் சுவிட்ச் 220 இல் இருந்தது. இரவில் லைன் 250 ஐத் தொடும் ஊரில் அது 240 இல் இருக்க வேண்டும்.

ஸ்பீக்கரை இணைக்கும் முன் ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளவைப் பார்ப்பது கட்டாயம். இடது பக்கம் 18 மில்லிவோல்ட். வலது பக்கம் 140. 50 க்குள் இருப்பது நல்லது. நூறைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். வலது சேனலின் நுழைவுப் பகுதிச் சிறு எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் கசிந்திருந்தன. அவற்றை இரு சேனலிலும் மாற்றி, பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்களையும் மாற்றி, வால்யூம், டோன் திருகுகளில் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுழற்றியதும் 'கரகர' போனது. காற்றுத் துளைகள் வழியே பல்லி நுழைந்து போர்டில் கருகுவது இந்த ஊர்ப்பக்கம் சாதாரணம். துளைகளின் உட்புறம் நைலான் வலை ஒட்டியாயிற்று.

ஸ்பீக்கர்களில் இரண்டு கோளாறுகள். ஒரு பெட்டியின் பேஸ் துளைக்குள் குளவி மண்கூடு கட்டி முக்கால்வாசி அடைத்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்து, மூங்கில் குச்சியால் பக்குவமாக உடைத்து, வேக்கமில் உறிஞ்சி எடுத்தார்கள்; மண்ணை உள்ளே தள்ளிவிட்டால் வூஃபரின் பின்புறம் போய்விடும். பேஸ் இல்லையென்று வூஃபரைக் கழற்றும் முன் துளைக்குள் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

மற்றது, வூஃபர் கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம். விரல் பட்டதும் கரிய மாவாக உதிர்ந்தது. இதற்கு வூஃபரையே தூக்கிப்போட வேண்டியதில்லை. கூம்பின் விளிம்பு விட்டம், இரும்புக் கூடையில் ஒட்டும் இடத்தின் விட்டம், வளைவின் அகலம் மூன்றையும் அளந்து அதே அளவு வளையம் வாங்க வேண்டும்; '12 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துச் சுரண்டி, முதலில் கூம்போடு ஒட்டி ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு கூடையோடு ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் சுரத்தைச் சின்னதாக ஓடவிட்டு, கூம்பின் கம்பிச்சுருளான காயில் உரசும் 'சரசர' கேட்காத நடு இடத்தில் நிறுத்திக் கிளிப் போட வேண்டும். கொஞ்சம் சாய்ந்து காய்ந்துவிட்டால் காயில் காந்த இடுக்கில் உரசி அறுந்துபோகும். கடைசியாக 1.5 வோல்ட் பேட்டரியை முனைகளில் தொட்டால் இரு வூஃபரும் ஒரே திசையில், முன்னால் தள்ள வேண்டும். ஒலியை மூன்று வழிகளாகப் பிரிக்கும் கிராஸ்ஓவரில் இருந்த நான்போலார் கெபாசிட்டர்களை அதே மதிப்புள்ள ஃபிலிம் கெபாசிட்டராக மாற்றினார்கள்.

ரெக்கார்டு பிளேயருக்குப் புது பெல்ட்டும் ஊசியும் போதுமாக இருந்தன. சிங்கப்பூரிலும் நம்மைப்போல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் வேகம் சரியாக வந்தது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேயரில் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கானதாக இருந்தால், 33⅓ சுற்று இங்கே 27.8 ஆகக் குறைந்து பாட்டு இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் தீராது, புல்லியை மாற்ற வேண்டும். 1960-களின் மோனோ ரெக்கார்டுகளுக்கு ரிசீவரின் மோனோ பட்டனை அழுத்தினால் கீறல் ஓசை கணிசமாகக் குறைகிறது. புதிய ரிசீவரில் போட்டு ஐந்து ஸ்பீக்கருக்கும் பரப்பினால் அந்தப் பாட்டுகள் உருத்தெரியாமல் போகும்.

பழையதும் புதியதும் ஒரே ஸ்பீக்கரில்

பழைய 12 அங்குலப் பெட்டிகளே 5.1 இன் முன் ஜோடி ஆயின. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் 3 மீட்டரிலும் 80 டெசிபெல் தரும். அன்றாடக் கேட்பு 1 வாட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒரே ஸ்பீக்கரில் நேராகச் சேர்த்துக் கட்டினால் ஒன்றின் மின்சாரம் மற்றதன் வெளியீட்டில் பாய்ந்து இரண்டும் போகும். அதனால் நடுவில் நான்கு முனைச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், 10 ஆம்பியர். முதல் தொடர்பை விட்ட பிறகே இரண்டாவதைத் தொடும் வகை. பிளஸ் ஒயரை மட்டும் மாற்றி மைனஸைப் பொதுவாக வைக்கும் இரு முனைச் சுவிட்ச் கூடாது. சில ஆம்ப்ளிஃபயர்களில் மைனஸ் முனை பூமியோடு இணைந்தது அல்ல.

குறை ஒன்று உண்டு. பழைய முன் ஜோடிக்கும் புதிய சென்டருக்கும் குரலின் நிறம் ஒன்றாக இல்லை. நடந்துகொண்டே பேசுபவரின் குரல் நடுவுக்கு வரும்போது மாறுவது கூர்ந்து கேட்டால் தெரியும். இருவர் மட்டும் நடுவில் உட்கார்ந்து பார்க்கும் வீடென்றால் சென்டரை அணைத்துவிட்டு முன் ஜோடியையே நம்பலாம். இங்கே பத்துப் பேர் விரிந்து உட்கார்கிறார்கள். ஓரத்தில் இருப்பவருக்கும் வசனம் திரையிலிருந்து வர சென்டர் வேண்டும்.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரும் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ்; அதாவது 80 க்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும். ரிசீவர் மைக் வழியே ஸ்பீக்கர்களைத் தானே அளக்கும் தானியங்கி அளவீட்டின்போது ஏசி, மின்விசிறி, வளவுப் பேச்சு எதுவும் இருக்கக்கூடாது. மைக்கைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் காது உயரத்தில் வைக்க வேண்டும். அளவீடு சொன்னதற்குமேல் சென்டருக்கு 2 டெசிபெல் கூட்டியதே போதுமாக இருந்தது. முன்பு கடைசி வரை ஏற்றியும் பிடிபடாத வசனத்தை அப்பத்தா இப்போது பாதி வால்யூமில் பிடித்துக்கொள்கிறார்.

மிச்சமிருப்பது

39 ஹெர்ட்ஸ் உறுமலில் நீளவாட்டுப் பங்கு போய்விட்டது. உயரவாட்டுப் பங்கு இன்னும் இருக்கிறது. சப்வூஃபர் தரையில் இருக்கும்வரை அதைத் தவிர்க்க முடியாது. ஈக்வலைசரில் அந்த அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக 5 டெசிபெல் வெட்டியதில் நடு இருக்கைகளில் சரியானது. பின்னால் தரையில் உட்காரும் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறது. 50 மி.மீ. பலகையால் இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பிடிக்க முடியாது. எதிர்ப் பக்கச் சுவரில், அதே 2.25 மீட்டரில் இரண்டாவது சப்வூஃபர் வைத்தால் 35 ஹெர்ட்ஸ் அகலவாட்டு அதிர்வு அடங்கி, வரிசைக்கு வரிசை உள்ள வேறுபாடு குறையும். 39 இன் உயரவாட்டுப் பங்குக்கு ஈக்வலைசர்தான் கதி. இரண்டாவதை வாங்குவதானால் அதே மாடலாக இருக்க வேண்டும். 200 கன மீட்டருக்கு ஒற்றை 12 அங்குலச் சப்வூஃபர் எப்படியும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஓடுகிறது.

கல்யாணத்துக்கு ஹாலைக் காலி செய்யும்போது நிற்கும் எட்டுப் பலகைகளையும் ஸ்டாண்டுகளையும் மாடிக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கர், சப்வூஃபர், சோபா மூன்றின் இடத்தையும் ஆத்தங்குடி ஓட்டின் கட்டங்களை எண்ணி ஒரு தாளில் குறித்து ரிசீவரின் அடியில் வைத்திருக்கிறார்கள். தரையில் டேப் ஒட்டினால் ஓட்டின் மெருகு போய்விடும்.